கரடி பெரிதா, சிறுத்தை பெரிதா?

மாதா திருவிழாவுக்காக வன்னியிலிருந்து மடுல்சீமைக்கு வந்திருந்த உறவினர்கள் சிலரோடு ஒரு லயத்து வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் இங்கிருந்து சட்டி பானையோடு வவுனியாப் பக்கம் போய், காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் அது. அதன்பின் யுத்தத்தில் எத்தனை தடவை இடம்பெயர்ந்தீர்கள் என்று கேட்டால், விரல் விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். பேச்சு அரிசி விலையில் ஆரம்பித்து, பிள்ளைகளின் படிப்புக்குப் போய், கடைசியில் காட்டு மிருகங்களில் வந்து நின்றது.

"கரடிதான் பெருசு மாப்புள. எழும்பி நின்னுச்சின்னா மனுசன் ஒசரம். ஒரு அறை விட்டுச்சின்னா மூஞ்சி இருக்காது" என்றார் வன்னிப் பெரியவர்.

"என்னா மாமா பேசுறீங்க? சிறுத்த பாய்ஞ்சு கழுத்தப் புடிச்சா கரடி என்னா செய்யும்?" என்றார் மலையிலேயே தங்கிவிட்டவர்.

இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த சிறுவன், "ரெண்டும் சண்ட போட்டா எது தாத்தா ஜெயிக்கும்?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி எம்மை விடவில்லை. இரண்டு மிருகங்களுக்கும் பக்கத்தில்தான் எமது மக்கள் வாழ்கிறார்கள். மலையில் இருப்பவர்கள் சிறுத்தைக்குப் பயந்து வாழ்கிறார்கள். காடாகிப்போன காணிக்கு வன்னியில் திரும்பிப் போனவர்கள் கரடிக்குப் பயந்து வாழ்கிறார்கள். எதற்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்று தெரியாவிட்டால், பயம் தேவையற்ற இடத்தில் சுருக்குக் கம்பி கட்டுவோம். தேவையான இடத்தில் பிள்ளையைத் தனியே விறகுக்கு அனுப்புவோம். ஆகவே இந்தச் சண்டையை ஒரு தடவை தீர்த்துவைப்பது நல்லது என்று நினைக்கிறோம்.

முதலில் ஒரு விடயம். எமது மக்கள் "புலி" என்று சொல்வது சிறுத்தையைத்தான். உண்மையான வரிப்புலி இன்று இலங்கைக் காட்டில் இல்லை. சிங்கமும் இல்லை. குருவிற்றைப் பக்கம் கிடைத்த இரண்டு பற்களை வைத்து, இங்கேயும் ஒரு காலத்தில் சிங்கம் இருந்தது என்று கலாநிதி பி. ஈ. பி. தெரணியகல 1939இல் எழுதினார். ஆனால் அது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கதை. கொடியில் இருக்கிற சிங்கத்தைக் காட்டில் யாரும் சந்திக்கப் போவதில்லை. அதே தெரணியகல 1956இல் எமது நாட்டுச் சிறுத்தை வேறெங்கும் இல்லாத தனி உபஇனம் என்று காட்டி, அதற்குக் "கொட்டியா" என்ற சிங்களச் சொல்லையே விஞ்ஞானப் பெயராக வைத்தார். பின்னர் அந்தச் சொல்லும் "புலி" என்ற சொல்லும் இந்த நாட்டில் பட்ட பாட்டை எமது வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சோதனைச் சாவடியில் நின்றவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆகவே எமது காட்டில் பெரிய பூனை என்றால் சிறுத்தை ஒன்றுதான். கரடியும் ஒரே வகைதான். உடம்பெல்லாம் கறுப்பு மயிரும், நெஞ்சில் வெள்ளைப் பிறையும், நீண்ட மூஞ்சியும் உள்ள கரடி.

இனி நிறையைப் பார்ப்போம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அளந்து எழுதிவைத்த கணக்கின்படி, வளர்ந்த ஆண் சிறுத்தை சராசரியாக 56 கிலோ. அவற்றில் மிகப் பெரியது 77 கிலோ. பெண் சிறுத்தையோ 29 கிலோ அளவுதான். கரடியில் ஆண் 80 கிலோவிலிருந்து 140 கிலோ வரையும், பெண் 55 கிலோவிலிருந்து 95 கிலோ வரையும் இருக்கும். இது இந்தியக் கரடிகளையும் சேர்த்த கணக்கு. எமது நாட்டுக் கரடி அவற்றைவிடக் கொஞ்சம் சிறியது, மயிரும் குறைவு. அப்படிக் கழித்துப் பார்த்தாலும், 50 கிலோ அரிசி மூடையைத் தோளில் சுமந்தவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். ஆண் சிறுத்தை ஒரு மூடைக்குச் சற்று மேலே. ஆண் கரடி இரண்டு மூடை. பெண் சிறுத்தையை இரண்டு கூடைக் கொழுந்தோடு ஒப்பிடலாம். இதைக் கேட்டதும் மலையில் இருப்பவருக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை நாளும் அவர் பயந்தது தன்னைவிட நிறை குறைந்த ஒன்றுக்கு.

உலகத்தை எடுத்துப் பார்த்தாலும் கணக்குப் பெரும்பாலும் கரடியின் பக்கமே சாய்கிறது. வடதுருவத்து வெள்ளைக் கரடியில் ஆண் 400, 500 கிலோ சாதாரணமாக இருக்கும். பூனைக் குடும்பத்தில் எல்லாவற்றிலும் பெரியதான புலியில் நல்ல ஆண் 200 கிலோவைச் சற்றுத் தாண்டும். ஆனால் தென்கிழக்காசியாவின் சூரியக் கரடி போன்ற சின்னக் கரடிகளும் உண்டு. அவை ஒரு பெரிய ஆண் சிறுத்தையின் அளவுக்கு மேல் போவது அரிது. ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் புலியும் பழுப்புக் கரடியும் ஒரே காட்டில் வாழ்கின்றன. அங்கே புலி கரடியைக் கொன்று தின்பதும் உண்டு; பெரிய ஆண் கரடி வந்து புலி அடித்த இரையைப் பறித்துக்கொண்டு போவதும் உண்டு. அன்றைய வயது என்ன, ஆணா பெண்ணா, யார் முதலில் கண்டார் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது.

எமது நாட்டிலும் அப்படித்தான். யால வனத்தில் ஒரு கரடி சிறுத்தையைக் கொன்றதாகவும், அந்தச் சண்டையில் பட்ட காயத்தால் கரடியையும் பின்னர் உத்தியோகத்தர்கள் சுட வேண்டி வந்ததாகவும் ஒரு பதிவு உண்டு. முழுதாக வளராத பெண் கரடியொன்றைச் சிறுத்தை நெடுநேரம் போராடி, மரத்தின் மேல் வைத்துக் கொன்று தின்ற பதிவும் உண்டு. ஆகவே சிறுவனுக்கு எமது பதில் இதுதான்: வளர்ந்த கரடி வந்தால் சிறுத்தை விலகிப் போய்விடும். குட்டி தனியே அகப்பட்டால் சிறுத்தை விடாது. இரண்டுமே சண்டையை விரும்புவதில்லை. காயம் பட்ட மிருகத்துக்குக் காட்டில் ஆஸ்பத்திரி இல்லை.

பலம் என்பதும் ஒரே வகை அல்ல. சிறுத்தையின் பலம் பதுங்குவதிலும் பாய்வதிலும் கழுத்தைக் கவ்வுவதிலும் இருக்கிறது. தன்னைவிட நிறை கூடிய மரையையும் அது வீழ்த்தும். ஆபிரிக்காவில் சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் பயந்து சிறுத்தை தன் இரையை மரத்தில் ஏற்றி வைக்கிறது. எமது சிறுத்தை அப்படி ஏற்றுவது குறைவு. அதைவிடப் பெரிய ஊனுண்ணி காட்டில் இல்லாதபடியால் அந்தக் கஷ்டம் அதற்குத் தேவைப்படவில்லை.

கரடியின் பலம் தோளிலும் நகத்திலும் இருக்கிறது. விரல் நீளத்துக்கு வளர்ந்த அந்த நகம் எம்மைக் கிழிப்பதற்காக உண்டானதல்ல. சீமெந்து போல இறுகிய கறையான் புற்றை உடைப்பதற்காக உண்டானது. மேல்வாயின் முன்பற்கள் இரண்டு கரடிக்கு இல்லை. அந்த இடைவெளியில் உதட்டைக் குவித்து, கறையானை உறிஞ்சி இழுக்கும். அந்தச் சத்தம் நல்ல தூரத்துக்குக் கேட்கும். பாலைப்பழக் காலத்தில் மரமேறும். தேன் கூட்டை விடாது. இறைச்சிக்காக மானை விரட்டிப் போகும் மிருகம் அல்ல அது.

அப்படியானால் இறைச்சி தின்னும் சிறுத்தைக்கல்லவா நாம் கூடப் பயப்பட வேண்டும்? இங்கேதான் எமது மக்கள் பலர் தவறு விடுகிறார்கள். வன்னிக் காட்டோரக் கிராமங்களிலும் கிழக்கு மாகாணத்திலும் வேடர் குடிகளிலும் முகம் சிதைந்த பெரியவர்களைக் கண்டிருப்பீர்கள். ஒரு கண் இல்லாதவர், மூக்கு இல்லாதவர், தலைத் தோல் கிழிந்து தைக்கப்பட்டவர். விசாரித்தால் கரடி என்றே சொல்வார்கள்.

காரணம் எளிது. சிறுத்தை வேட்டை மிருகம். அதன் கண்ணும் காதும் எந்நேரமும் விழித்திருக்கும். நாம் அதைக் காண்பதற்கு வெகு முன்னரே அது எம்மைக் கண்டு விலகிப் போய்விடும். தேயிலைக் கானுக்குள் படுத்திருந்து, பத்துப் பெண்கள் கொழுந்து பறித்துக் கடந்து போகும்வரை அசையாமல் இருந்துவிட்டு எழும்பிப் போகும். கரடி அப்படியல்ல. புற்றுக்குள் தலையை விட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது அதற்கு எதுவும் கேட்காது. பார்வையும் மட்டம். நாம் பத்து அடிக்குள் போன பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பும். திரும்பினால் ஓடத் தெரியாது, தாக்கத்தான் தெரியும். இந்தியக் காட்டில் புலியோடு வாழ்ந்த இனம் இது. மரமேறித் தப்பாமல், எழும்பி நின்று கத்திப் புலியையே பின்வாங்க வைத்துப் பழகிய இனம். தாய்க் கரடி குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு திரிவதை வன்னியில் இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். பிள்ளை முதுகில் இருக்கும்போது எந்தத் தாய் பின்வாங்குவாள்? குட்டியை இழந்த கரடியைக் கோபத்துக்கு உவமையாகத் திருமறை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சொல்வது சும்மா அல்ல.

ஆகவே காணி பார்க்க, விறகுக்கு, தேனுக்கு, பாலைப்பழத்துக்குக் காட்டுக்குள் போகிறவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். தனியே போகாதீர்கள். சத்தமாகப் பேசிக்கொண்டு போங்கள்; பாட்டுப் பாடினாலும் நல்லது. அதிகாலையும் அந்தியும் கரடி நடமாடும் நேரம். வைகாசி முதல் ஆடி வரை பாலைப்பழக் காலம். பழுத்த மரத்தின் கீழ்ப் பற்றையைப் பார்க்காமல் நுழைய வேண்டாம். புதிதாக உடைத்த புற்றும் சிவந்த மண்ணும் கண்டால் அந்தப் பாதையை விட்டுவிடுங்கள். கரடி உங்களைக் காணாவிட்டால் மெல்லப் பின்னால் வாருங்கள். ஓட வேண்டாம், ஓட்டத்தில் கரடியை வெல்ல யாராலும் முடியாது. பாய்ந்து விழுந்துவிட்டால் முகத்தை நிலத்தில் புதைத்து, கழுத்தின் பின்னால் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு அசையாமல் கிடப்பதே உயிருக்கும் கண்ணுக்கும் நல்லது.

சிறுத்தைக்கு இத்தனை சொல்லத் தேவையில்லை. அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்லவும் மாட்டோம். மட்டக்களப்புக்குப் போகும் வழியில் உள்ள புனாணையில் ஒரு சிறுத்தை குறைந்தது 12 பேரைக் கொன்றது. 1924இல் ஷெல்டன் அகார் என்பவர் அதைச் சுட்டார். பாடம் செய்த அதன் உடல் கொழும்பு நூதனசாலைக்குப் போனது. இத்தனை பேரைக் கொன்றது இதுதானா என்று கேட்கத் தோன்றும் அளவுக்கு அது சிறியது. இலங்கையில் ஆட்கொல்லி என்று முறையாகப் பதிவான சிறுத்தை அது ஒன்றுதான். ஒரு நூற்றாண்டாகியும் இன்னும் அதன் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றால், அது எவ்வளவு அரிதான காரியம் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். (மைசூர்ப் பக்கத்தில் ஒரு கரடியும் குறைந்தது 12 பேரைக் கொன்றதாகக் கென்னத் அண்டர்சன் என்ற வேட்டைக்காரர் 1957இல் வெளிவந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அந்தச் சிறுவன் கேட்டிருந்தால் சரிசமம் என்றிருப்போம்.) மலையகத்தில் கொழுந்து பறிக்கப் போய்ச் சிறுத்தையிடம் காயம் பட்டவர்கள் பெரும்பாலும், குட்டியோடு படுத்திருந்ததைத் தெரியாமல் நெருங்கியவர்கள்தான்.

இனி, எமது மனதை உறுத்துகிற ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

இன்று இலங்கையில் கரடி வாழ்வது பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குக் கீழே உள்ள வரண்ட காடுகளில்தான். வில்பத்து, மடு, வஸ்கமுவ, மதுறு ஓயா, கல் ஓயா, யால. மடுல்சீமையின் மினி உலக முடிவில் நின்று கீழே பார்த்தால் பிபிலை, மகியங்கனைப் பக்கத்துச் சமவெளி தெரியும். அந்தப் பக்கம் கரடி உண்டு; நாம் நிற்கும் மேட்டில் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இந்தத் தீவு முழுவதும் கரடி இருந்தது. மலைக்காடுகளைக் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் அழித்தபோதுதான் அதற்கு மலையில் இடமில்லாமல் போனது. வெள்ளைக்காரத் துரை உத்தரவு போட்டார். கோடரி பிடித்தது எமது பாட்டன், பூட்டன்.

அந்தக் கோப்பியாவது நிலைத்ததா? 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூளாக ஒரு பங்கசு நோய் இலங்கையில் முதன்முதல் கண்டறியப்பட்டது இதே மடுல்சீமையில்தான். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பங்கசு இருபது வருடத்துக்குள் ஒரு நாட்டின் கோப்பித் தொழிலையே விழுத்திவிட்டது. பலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கரடி போய்விட்டது, சிறுத்தை மட்டும் எப்படி மலையில் நின்றது? கரடிக்குப் புற்று வேண்டும், பழமரம் வேண்டும், குட்டி போட ஆளரவமற்ற குகையோ மரப்பொந்தோ வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கஷ்டம். சிறுத்தைக்கு மரை கிடைக்காவிட்டால் கேளையாடு, அதுவும் இல்லாவிட்டால் காட்டுப்பன்றி, குரங்கு, முள்ளம்பன்றி, முயல். கடைசியில் லயத்து நாய். படுக்கத் தேயிலைக் கானும் ஆற்றோரத்துத் துண்டுக் காடும் போதும். இரண்டு மூடை நிறையுள்ளது இடம்பெயர்ந்தது. ஒரு மூடை நிறையுள்ளது தங்கிவிட்டது. எமது மக்களில் யார் போனார்கள், யார் தங்கினார்கள் என்பதையும் பலத்தை வைத்துச் சொல்ல முடியாது. போனவர்கள் பயந்தாங்கொள்ளிகளும் அல்ல, தங்கியவர்கள் வீரர்களும் அல்ல. போக வழியிருந்தவர் போனார், வழியில்லாதவர் இருந்தார்.

ஆமோஸ் இறைவாக்கினரின் நூல் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு மனிதன் வருகிறான். சிங்கத்துக்குத் தப்பி ஓடிக் கரடியிடம் அகப்படுகிறான். அதற்கும் தப்பி வீட்டுக்குள் வந்து சுவரில் கை வைத்தால் பாம்பு கடிக்கிறது. இறைவாக்கினர் அதைச் சொன்னது நியாயத்தீர்ப்பின் நாளைப் பற்றி. ஆனால் அதை வாசித்த ஒரு தாய், "இது நம்ம கததான" என்று எம்மிடம் சொன்னபோது மறுக்க முடியவில்லை. 1977இல் மலையை விட்டு ஓடினார்கள். வன்னியில் யுத்தம் வந்தது. 2009இல் மெனிக் பாம் முகாம். விடுவித்து அனுப்பியபோது காணி காடாகிவிட்டது. கிணற்றடியில் கரடிக் கால்தடம். மலையில் தங்கியவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலையே சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை மறுபடியும் உலுக்கியது. சரிவுக்குத் தப்பி வேறிடத்தில் கொட்டில் போடுகிறவர்களுக்குக் கிடைக்கும் துண்டு நிலம் பெரும்பாலும் காட்டோரம்தான்.

இந்த நிலையில் ஒரு விவசாயி சுருக்குக் கம்பி கட்டுகிறார். சிறுத்தைக்காக அல்ல, பன்றிக்காக. மரவள்ளியும் உருளைக்கிழங்கும் ஒரே இரவில் கிளறப்பட்டுக் கிடப்பதைக் கண்டவர் அவர். அவரிடம் போய் வனஜீவராசிகளை நேசியுங்கள் என்று பிரசங்கம் செய்ய எமக்கு வாய் வராது. ஆனாலும் அந்தக் கம்பி கூடாது என்பதை உறுதியாகச் சொல்கிறோம். 2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் மரக்கறித் தோட்டத்துக் கம்பியில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கியது. மலைநாட்டில் மிக அரிதாகக் காணப்படும் கறுப்பு நிறச் சிறுத்தை அது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாளில் செத்துப்போனது. அப்படி வெளியே தெரியாமல் சாவது எத்தனையோ. நாட்டில் வளர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்துக்குள் என்றும், கரடிகள் ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் இடையில் என்றும் மதிப்பிடுகிறார்கள்.

சிறுத்தை செத்தால் எமக்கென்ன என்று கேட்பவர்கள் இருக்கலாம். பன்றிக் குட்டியைத் தின்று பன்றியைக் குறைக்கிற மிருகம் மலையில் அது ஒன்றுதான். அதைக் கொன்ற கம்பி பன்றிக்கே சேவகம் செய்கிறது. அத்தோடு, சிறுத்தையும் கரடியும் 1937ஆம் ஆண்டுத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. கம்பி கட்டியவர் விளக்கமறியலுக்குப் போனால், வழக்குச் செலவுக்கு மனைவியின் தோடு அடகுக் கடைக்குப் போகும். 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் புகுந்த சிறுத்தை பத்துப் பேர் வரை காயப்படுத்தியது. மக்கள் அதை அடித்துக் கொன்றார்கள். படம் பிடித்துப் பரப்பினார்கள். முடிவில் ஊர் இளைஞர்கள் கைதானார்கள். சிறுத்தை தன் பாட்டில் வெளியேற வழி விடாமல் கூட்டம் சூழ்ந்துகொண்டால் இப்படித்தான் முடியும். அதே வேளை, உரிய நேரத்தில் மயக்க மருந்தோடு ஆட்கள் வந்திருந்தால் அந்தக் கூட்டத்துக்குத் தடி எடுக்கத் தேவை வந்திருக்குமா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. பொறுமையைப் பயந்தவரிடம் மட்டும் எதிர்பார்ப்பது நியாயமல்ல.

வன்னியில் கட்டுத்துவக்கும் வாய்வெடியும் வைக்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறோம். கட்டுத்துவக்குக்குப் பன்றிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது.

கேட்க வேண்டியதை உரியவர்களிடம் கேட்க வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. மலையில், கைவிடப்பட்ட தேயிலை மலைகள் லயத்துக் கோடிவரை காடாகி வருகின்றன. லயத்தைச் சுற்றி ஒரு பட்டையையாவது துப்புரவாக வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை. தேயிலையிலிருந்து வருமானம் எடுத்தபோது எல்லை தெரிந்தவர்களுக்கு இப்போது எல்லை தெரியாமல் போகக் கூடாது. இரவில் ஐம்பது யார் நடந்து கழிப்பறைக்குப் போகிற பெண்ணுக்கு வீட்டோடு கழிப்பறையும் ஒரு விளக்கும் கிடைத்தால், சிறுத்தைப் பயத்தில் பாதி அன்றே போய்விடும். நாய்களைப் பெருகவிட்டு, குப்பையை லயத்துக்குப் பின்னால் கொட்டினால் சிறுத்தையை விருந்துக்கு அழைத்தது போலத்தான். அதை நாமே நிறுத்தலாம். சங்கமும் மாதர் குழுவும் கொஞ்சம் முயன்றால் போதும்.

மீள்குடியேறுகிறவர்கள் வேறொன்றைக் கேட்க வேண்டும். பத்து இருபது வருடம் ஆளில்லாமல் கிடந்த காணியைக் கையில் ஒரு கத்தியும் கூரைத் தகரமும் கொடுத்துத் திறந்துவிடுவது மீள்குடியேற்றம் ஆகாது. கிணற்றடியும் பாதையும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியும் முதலில் வெளியாக்கப்பட வேண்டும். தனித்தனியே அனுப்பாமல் நாலைந்து குடும்பமாகச் சேர்த்து அனுப்ப வேண்டும். யாராவது தாக்கப்பட்டால் அன்றைக்கே கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். பொலிஸில் முறைப்பாட்டைப் பதிந்து இலக்கத்தை வாங்குங்கள். ஆஸ்பத்திரித் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு வனஜீவராசிகள் அலுவலகத்தில் நட்டஈட்டுக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். கையில் கடதாசி இல்லாதவரின் காயம் கந்தோரில் காயமாக மதிக்கப்படுவதில்லை. இதை நாம் மிருகங்களுக்காக மட்டும் சொல்லவில்லை.

தாவீது சவுலுக்கு முன்னால் நின்றபோது, தான் சிங்கத்தையும் கரடியையும் அடித்ததைச் சொன்னான். அதை அவன் வேட்டைக்காரனாகச் சொல்லவில்லை. தகப்பனின் ஆட்டை வாயிலிருந்து மீட்ட இடையனாகச் சொன்னான். ஆடு தன்னுடையதென்று காட்ட அவனிடம் யாரும் உறுதிப்பத்திரம் கேட்கவில்லை. எமது மக்களில் பலருக்குப் பயிரிடும் காணிக்கு இன்னும் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாதபடியால் வேலிக்குக் கடனும் இல்லை, மானியமும் இல்லை. வேலி இல்லாதபடியால் பன்றி. பன்றி வந்தபடியால் கம்பி. கம்பி கட்டியபடியால் சிறுத்தை. ஒரு சிறுத்தையின் சாவுக்குப் பின்னால் இத்தனையும் இருக்கின்றன. கடைசிக் கண்ணியை மட்டும் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள்.

திருவிழா முடிந்து வன்னிக்காரர்கள் பஸ் ஏறும் நாளில், மினி உலக முடிவைப் பார்க்க வேண்டுமென்று பெரியவர் ஆசைப்பட்டார். பனி விலகும்வரை காத்திருந்து கீழே பார்த்தோம். காணி எல்லையில் ஒரு பாலை மரம் நிற்கிறதாம். பழக் காலத்தில் இரவில் கரடி வந்து ஏறுகிறதாம். வெட்டிவிடச் சொல்லி ஊரில் சொல்கிறார்களாம்.

"வெட்டினீங்களா மாமா?" என்று கேட்டார் மருமகன்.

"இல்ல. அந்த ரெண்டு மாசம் பொழுது சாஞ்சா நாங்க அந்தப் பக்கம் போறதில்ல. காலையில மிச்சப் பழத்தப் பிள்ளைங்க பொறுக்குது."

சிறுவன் மலையின் விளிம்பை விட்டு அசையவில்லை. கரடி எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டுக்கொண்டே நின்றான். பெரியவர் அவன் தோளைப் பிடித்து, பிபிலைப் பக்கம் கையைக் காட்டினார்.